சான்றிதழில் மகேஸ்வரி

வினோலியாவின் தாய் சகாயராணி இயேசுவின் திருஇருதயப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள்.

"ஆர்.ஐ. பஸ்ஸ விட்டு எறங்கிட்டாராம். ஏண்டி மரமாட்டம் நிக்கிற? நெத்தியில பொட்ட வையி."

வினோலியா அசையவில்லை.

பள்ளிச் சான்றிதழில் அவள் மகேஸ்வரி, இந்து. ஞானஸ்நானப் பதிவேட்டில் வினோலியா. ரெட்டியார்சத்திரம் பக்கத்து அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. சான்றிதழ் கிடையாது. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் பரீட்சை எழுதி, அரசு அலுவலக வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அதற்குள் அவள் கிறிஸ்தவள் என்று யாரோ மனுப் போட்டுவிட்டார்கள்.

விசாரிக்க வந்த வருவாய் ஆய்வாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார்.

"ஏம்மா, சர்ச்சுக்குப் போறியாமே?"

தகப்பன் சூசைமுத்து முந்திக்கொண்டார். "அதெல்லாம் இல்லீங்க சார். மாரியம்மனுக்கு வருசா வருசம் தீச்சட்டி எடுக்கிறோம்."

"பொண்ணு சொல்லட்டும்."

தெருப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுப்பவள் அவள். ஆண்டவரை மறுதலிக்கக் கூடாது என்று வாரந்தோறும் சொல்லிக்கொடுத்த வாய் அது.

"நான் கிறிஸ்தவப் பொண்ணு சார். போன ஞாயித்துக்கெழம கூட பூசையில நற்கருணை வாங்குனேன்."

அவர் பேனாவை நிறுத்தினார். "இத எழுதுனா வேல போயிரும்மா. செத்த நேரம் யோசி."

"எழுதுங்க சார்."

ஆர்.ஐ. இருக்கும்போதே சூசைமுத்து அவளை அறைந்தார். உதடு கிழிந்தது. சகாயராணி தடுக்கவில்லை. கிளம்பும்போது ஆர்.ஐ. மனுவைக் காட்டினார். கையெழுத்து: சேவியர், அவர்கள் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர். மேல்சாதித் தெருவைச் சேர்ந்த சேவியரின் மகளும் அதே பரீட்சை எழுதித் தேறாதவள்.

அந்த மாதமே வேலை ரத்தானது. அப்பாவும் அம்மாவும் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். பங்குச் சாமியார் மட்டும் பிரசங்கத்தில் அவள் பெயரைச் சொல்லி, "விசுவாசத்துக்கு வாழும் சாட்சி" என்றார். கோயில் கைதட்டியது. முன் பெஞ்சில் இருந்த சேவியரும் தட்டினார்.

அடுத்த ஞாயிறு, பூசைக்கு முன்பு அவள் சேவியரிடம் போனாள்.

"ஐயா, இன்னிக்கி பைபிள் வாசகம் நான் படிக்கிறேன்."

"அதான் கைதட்டுனோமுல்ல? அம்புட்டுத்தான். வாசகம் எங்க தெரு மொற."

"என்னய கிறிஸ்தவச்சின்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுத்தது நீங்கதானய்யா?"

"கிறிஸ்தவச்சிதான். யாரு இல்லேங்கிறா? ஒங்க தெருக் கிறிஸ்தவச்சி."

வாசகம் வந்தபோது அவள் யாரையும் கேட்காமல் பீடமேறிப் புத்தகத்தைத் திறந்தாள். சேவியர் மைக்கை அணைத்தார். முன் மூன்று பெஞ்சும் எழுந்து வெளியே நடந்தன. சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். காற்றாடிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, ஒரு வரி விடாமல் அவள் வாசித்தாள்.

"ஆண்டவரின் அருள்வாக்கு."

அதற்குச் சபை சொல்ல வேண்டிய பதில் வரவில்லை. அவள் காத்திருந்தாள்.

கடைசியில், அவர்கள் தெருக்காரர்கள் தரையில் உட்காரும் மூலையிலிருந்து, சகாயராணியின் குரல் மட்டும் தனியாக வந்தது.

"இறைவா, உமக்கு நன்றி."