கட்டுச்சோற்றில் ஒரு பீட்சா

சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு வெட்கம், மானம் எதுவும் கிடையாது. வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். எந்தக் கடையில் எப்போது சால்னா கொதிக்கும், எந்தக் கடைக்காரர் பால்கோவாச் சட்டியின் அடியை வழித்துக் கொடுப்பார் என்பதெல்லாம் எனக்கு டிக்கெட் விலையைவிட நன்றாகத் தெரியும். சர்க்கரை வியாதி இருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும் புரோட்டாவைத் தின்றுவிட்டுத்தான் வீடு வந்தேன். என் அக்கா சுடலையம்மாள் என்னைத் 'தீனிப்பண்டாரம்' என்றே கூப்பிடுவாள். அதனால்தான், தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவள் மகள் புஷ்பத்துக்குப் பீட்சா வேண்டும் என்று பேச்சு வந்தபோது, தேடிப் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு அந்த ஆசையே நம்பும்படியாக இல்லை. புஷ்பத்தின் நாக்கும் என் நாக்கும் ஒன்று. அயிரைமீன் குழம்பு என்றால் இரண்டு பேருக்கும் கண் மண் தெரியாது. அதிலும் முந்தின நாள் குழம்பு, பழைய சோறு என்றால் சட்டியை யார் வழிப்பது என்று சண்டையே நடக்கும். அக்கா வந்து இரண்டு பேர் கையிலும் கரண்டியால் ஒன்று போடுவாள்.

அப்பேர்ப்பட்டவளை ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் பார்க்கும் சோலைராஜுக்குக் கட்டிக்கொடுத்தோம். அவன் அம்மா ஆவுடையம்மாளுக்கு மீன் வாடை ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி மணக்க மணக்க வேகும். மீன் மட்டும் நாற்றமாம். கல்யாணத்துக்கு முன்னால் இதை யாரும் கேட்கவில்லை. பெண் கொடுக்கும்போது வீடு, வாசல், தொழில் எல்லாம் விசாரிக்கிறோம். அந்த வீட்டு அடுப்பில் என்ன ஏறும், என்ன ஏறாது என்று எவன் விசாரிக்கிறான்?

ஏழாம் மாதம் கட்டுச்சோறு கட்ட நாள் குறித்தோம். தாய்வீட்டார் வகைவகையாகச் சோறாக்கிப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அவள் எதற்கு ஆசைப்படுகிறாள் என்று கேட்டு அதையும் சேர்த்து வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். அதைக் கேட்கத்தான் அக்கா ராஜபாளையம் போனாள். நடுவீட்டில் மாமியாரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்க, மகளிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

"பீட்சா வேணுமாம்லே" என்றாள் என்னிடம்.

"அவளா சொன்னா?"

"அவ வாயாலதாம்ல சொன்னா. தரையப் பாத்துக்கிட்டே சொன்னா. அது என்ன எழவுன்னே எனக்குத் தெரியல. வட்டமா ரொட்டி கணக்கா இருக்கும்னு மாப்பிள்ளதான் கையக் காட்டுனாக. பம்பாய்க்குச் சரக்குக் கொண்டு போனப்போ தின்னுருக்காகளாம்."

"பம்பாய்ல கிடைக்கிறத இங்க எங்க போயித் தேட?"

"எங்கிட்டாவது தேடு. நாளப்பின்ன புள்ளைக்குக் காது வடிஞ்சா அந்தம்மா நம்மளத்தான் ஏசும்."

தேடினேன். ராஜபாளையத்தில் புதிதாகத் திறந்த ஓட்டல் ஒன்றில் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஆசையாக உட்கார்ந்தேன். ஊத்தப்பத்தின் மேல் தக்காளி சாஸை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரியில் இனிப்பு பன்னை இரண்டாகப் பிளந்து, கேரட்டைத் துருவிப் போட்டு, அதுதான் பீட்சா என்று சாதித்தார்கள். இரண்டையும் வைதுகொண்டேதான் தின்றேன். மிச்சம் வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பன்னும் வர்க்கியும் போடும் பீர் மைதீன் பாய் கைகொடுத்தார். அவர் சின்ன வயதில் பம்பாயில் பேக்கரி வேலை பார்த்தவர்.

"சீஸு இங்க கிடைக்காது கண்டக்டரே. மதுரைக்கு ஆள் போகும்போது டின்னு வாங்கியாறச் சொல்லுதேன். முதல்ல ஒண்ணு போட்டுத் தாரேன், தின்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாரம் விறகு அடுப்பிலிருந்து தகரத் தட்டை வெளியே இழுத்தார். ஓரம் மொறுமொறுவென்று சிவந்து, நடுவில் வெங்காயமும் குடைமிளகாயும் சீஸில் புதைந்து கிடந்தன. நாக்கைச் சுட்டுக்கொண்டேன். இன்னொன்று போடச் சொல்லி நின்றபடியே அதையும் தின்றேன். நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள எனக்கே எரிச்சலாக இருந்தது. 'பரவாயில்லை, புஷ்பம் விவரமாகத்தான் கேட்டிருக்கிறாள்' என்று நினைத்துச் சந்தோஷமும் பட்டேன்.

கட்டுச்சோறு அன்று காலையில் அக்கா வீடு புளியும் எலுமிச்சையுமாக மணத்தது. அடுக்களை மூலையில் முந்தின நாள் வைத்த அயிரைக்குழம்பு சட்டியோடு இருந்தது. இருப்பது தெரிந்தால் என்னால் சும்மா இருக்க முடியுமா? பழைய சோற்றைப் பிழிந்து போட்டுச் சாப்பிட்டேன். சம்பந்தி வீட்டில் வாடை அடித்துவிடக் கூடாது என்று அக்கா புலம்பினாள். சோப்புப் போட்டுக் கழுவி, பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலை எடுத்து விரல் இடுக்கெல்லாம் தேய்த்தேன். வழியில் பீர் மைதீன் பாய் பீட்சாவை வாழையிலையில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்துச் சூடாகக் கொடுத்தார். ராஜபாளையம் போகிறவரை அதை மடியிலேயே வைத்திருந்தேன்.

புஷ்பத்தை மணையில் உட்கார வைத்தார்கள். முகத்தில் எலும்புதான் தெரிந்தது. ஏழு மாதக்காரி போலவா இருந்தாள்? பெட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் கையை நீட்டவில்லை. ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"மைதாவும் மண்ணாங்கட்டியுமால்ல இருக்கு. புள்ளத்தாச்சிக்கு வயித்துல போயி ஒட்டிக்கிடும். சும்மா விரலால தொட்டு நாக்குல வைக்கட்டும், சாத்திரத்துக்கு" என்றாள்.

புஷ்பம் தொட்டு நாக்கில் வைத்தாள். பெட்டி அப்படியே சோலைராஜ் கைக்குப் போனது. அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றான். ஒரு துண்டு விடவில்லை.

"எப்படி இருக்கு மாப்ள?" என்றேன்.

"பம்பாய்ல இழுத்தா நூலு நூலா வரும். இது வரல" என்றான் விரலைச் சூப்பிக்கொண்டே. "ஆனாலும் தேடிப் பிடிச்சிட்டீகளே. நானாக் கேட்டா நல்லாருக்குமா? அதான் இவளச் சொல்லச் சொன்னேன். புள்ளத்தாச்சி கேட்டா யாரு தட்டப்போறா?"

ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்டதுபோலச் சிரித்தான். சம்பந்தியம்மாளும் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள், பெண்ணைக் கொடுத்த வீட்டில் வேறென்ன செய்வாள்? எனக்குப் பெட்டியைப் பிடுங்கி அவன் முகத்தில் அடிக்கவேண்டும் போலிருந்தது. பெண்டாட்டிக்கு ஊரும் உறவும் கொடுக்கிற ஒரே ஒரு ஆசை அது. அதையும் வாங்கித் தின்றுவிட்டு ஏப்பம் விடுகிறான். நானும் தீனிப்பண்டாரம்தான். ஆனால் அடுத்தவள் வாயைக் கடன் வாங்கித் தின்றதில்லை.

பந்தி முடிந்து பின்பக்கம் போய்க் கை கழுவிவிட்டுத் திரும்பினேன். அடுக்களை வாசலில் புஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி, நெசமாச் சொல்லு. ஒனக்கு என்ன வேணும்?" என்றேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்: "காலைல என்ன சாப்பிட்டீக மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "நேத்து வச்ச அயிரைக்கொழம்பு."

அவள் எச்சில் விழுங்கியது எனக்குத் தெரிந்தது.

"நாளைக்கே தூக்குவாளில கொண்டாரேன் தாயி. பஸ்ஸுலதான வாரேன்."

"வேண்டாம் மாமா. அத்த மோந்து கண்டுபிடிச்சிருவாக. பொறவு அம்மாவ இழுத்துப் பேசுவாக."

நடுவீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சட்டென்று என் வலது கையை எடுத்து, விரல்களை மூக்கோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையை அசைக்காமல் நின்றேன். செத்த நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"ஒண்ணுமே இல்லையே மாமா" என்றாள். "நல்லாக் கழுவிட்டீக."

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டதும் கையை விட்டுவிட்டுப் போனாள்.