மூலையில் ஒரு சாண்

மழை விட்டதும் ரப்பர் தோட்டத்துத் தச்சன் அய்யாவுக்குப் பங்களாவிலிருந்து மறுபடி ஆள் வந்தது. கரங்கான் ஊர்ப் பக்கத்தில் வெள்ளைக்கார துரை விட்டுப்போன அந்தப் பழைய வீட்டில் இப்போது ஜப்பான் அதிகாரி இருந்தான். வீட்டுச் செங்கல் சுவரில் சாய்த்துக் கட்டிய தகரக் கொட்டகையில் அரிசி மூட்டைகள். சுவரும் கூரையும் சேருமிடத்தில் ஒழுக்கு.

தகரத்தைச் சுவரோடு எவ்வளவு நெருக்கி அடித்தாலும் பயனில்லை. மழை சுவரிலும் அடித்து, அதை ஒட்டியே வழிந்து, மயிரிழைச் சந்து கிடைத்தாலும் உள்ளே போய்விடும். அதனால் கூரைக்குச் சற்று மேலே சுவரில் நீளவாக்கில் காடி என்னும் பள்ளம் வெட்ட வேண்டும். மடித்த தகரத் துண்டின் மேல் விளிம்பைக் காடிக்குள் செருகிச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, கீழ் விளிம்பைக் கூரைமேல் படியவிட வேண்டும். சுவரில் இறங்கும் தண்ணீர் அந்தத் தகரத்தில் ஏறிக் கூரைக்குத் தாண்டிவிடும்.

அய்யாவு அப்படித்தான் செய்திருந்தான், மூலையில் ஒரு சாண் தவிர. அங்கே காடி வெட்டாமல் சாந்தை மட்டும் பூசினான். ஒவ்வொரு பெருமழைக்கும் அது கரையும். ஒழுகும்வரை அவன் வேண்டும். வேண்டும்வரை, போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரி அவனை விட்டுவிட்டுப் போகும். மனைவி பிச்சையம்மாளிடம்கூட இதைச் சொல்லவில்லை. அவளை அடித்துக் கேட்டாலும் சொல்ல ஒன்றும் இருக்கக்கூடாது. அன்றும் சாந்தைப் பூசிவிட்டு இறங்கினான்.

கொட்டகையைக் கூட்டுபவள் பிச்சையம்மாள். அடுத்த மழையில் நனைந்த மூட்டையைப் பார்த்த அதிகாரி அவளை அறைந்தான். அடுத்தது புருஷனுக்குத்தான், அது அறையோடு நிற்காது என்று அவளுக்குப் பட்டது. ரப்பரை வாங்க ஆளில்லாவிட்டாலும் மரத்தில் பால் இருந்தது. சிரட்டையில் பிடித்துவந்து, கந்தையைத் தோய்த்து, ஏணியில் ஏறி, உதிர்ந்த சாந்தைச் சுரண்டிவிட்டு அங்கே திணித்தாள். காய்ந்ததும் அதன்மேல் இன்னொன்று. வெயில் நாட்களாக அமைந்ததில் பால் இறுகிச் செங்கலோடு ஒன்றானது.

பெருமழை வந்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. மாலையில் கங்காணி குழந்தைவேலு குடை பிடித்துக்கொண்டு அவர்கள் குடியிருந்த லயத்துக்கே வந்தார்.

"கெட்டிக்காரன்லா நீ. ஒழுக்கு நின்னுபோச்சு. இனிமே இங்க உனக்கு வேல இல்லியாம். விடிஞ்சா சயாம் லாரி வருது, ஏறிக்க."

பிச்சையம்மாள் முன்னே வந்தாள். "அண்ணே, அவரு இல்ல. அடைச்சது நானு."

கங்காணி சிரித்தார். "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. ஒழுவுனா உன்னையே கூப்புட்டுக்கிறோம்."

அவர் போன பிறகு அய்யாவு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அந்த ஒரு சாண, நான்தான் புள்ள விட்டு வச்சேன்."

அவள் பால் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினாள். ஏணியில் ஏறி, மூலையில் கத்தியைச் செருகி நெம்பினாள். ரப்பர் இழுத்த இழுப்புக்கு நீண்டு வந்தது. கை வழுக்கியதும் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. சுவரில் வழிந்த தண்ணீர் அதன்மேல் ஏறி, கூரைக்குத் தாண்டி ஓடியது.