வெளுத்தது என்று எழுதவும்

1

இந்தக் கதை என் எழுத்துத் திறமையால் நேர்ந்த விபத்தில் பிறந்தது. ஒரே ஒரு சொல்லை மாற்றி எழுதினேன். அக்கா பதினோரு நாளாக என்னோடு பேசவில்லை. பேசாதவளைக் கதாபாத்திரமாக வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள், மண்டை காயும்.

முதல் தொடக்கம்: "கடலடியில் ஒரு மௌனமான..." வேண்டாம். கடல் என்றாலே எனக்கு மௌனம் வந்துவிடுகிறது. சனியன்.

2

அக்காவுக்குப் பவள ஆய்வகத்தில் வேலை. கடல் சூடாகிக்கொண்டே போகிறது. எந்தப் பவளம் அதைத் தாங்கும் என்று பார்க்க, விரல் நீளத் துண்டுகளைத் தொட்டியில் வைத்துத் தண்ணீரை மெதுவாகச் சூடேற்றுவாள். இந்தக் கதையில் வரும் ஐந்து துண்டுகளும் ஒரே தாய்ப்பவளத்தில் வெட்டியவை. போன கோடையில் சுற்றியிருந்ததெல்லாம் செத்தபோது அது மட்டும் பிழைத்தது.

[போன மாதம் அந்தத் தாயும் நங்கூரம் பட்டு நொறுங்கிவிட்டது. நானாக இட்டுக்கட்டியிருந்தால் நங்கூரத்தைவிட நல்லதாக எதையாவது யோசித்திருப்பேன்.]

ஆக, மிஞ்சியது இந்த ஐந்துதான்.

3

அன்று அக்காவுக்குப் பல்வலி. டாக்டரிடம் கிளம்பும்போது பதிவேட்டை நீட்டினாள்.

"ஒரு மணிக்குப் பார்த்து நிறத்தை எழுது. நிறம் மட்டும்தான். கதை விடாத."

"எழுதுறது என் தொழில்க்கா."

"அதான் பயமா இருக்கு."

ஒரு மணிக்கு ஐந்தும் வெள்ளை வெளேரென்று இருந்தன. 'வெளுத்தது' என்றால் துணிதான் ஞாபகம் வந்தது. உப்புச்சப்பில்லாத சொல். ஐந்து கட்டத்திலும் 'இறந்தது' என்று எழுதினேன். பார்க்க அழகாக இருந்தது.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: வெளுத்த பவளம் செத்ததல்ல. அதற்கு நிறமும் சாப்பாடும் தருகிற நுண்பாசி சூட்டில் வெளியேறிவிடுகிறது. பவளம் பட்டினி கிடக்கும், ஆனால் உயிரோடிருக்கும். அக்கா இதை எனக்கு மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.)

செத்ததை எடுத்துப் போடுவது தொட்டி கழுவும் அண்ணனின் வேலை. பதிவேட்டைப் படித்தார், ஐந்தையும் வாளியில் போட்டார்.

4

முடிவு ஒன்று: அக்கா ஓடிவந்து காப்பாற்றுகிறாள். முடிவு இரண்டு: தாமதமாகிவிட்டது. இரண்டையும் அடித்துவிட்டேன். அவள் ஓடிவரவே இல்லை. வீங்கிய கன்னத்தோடு நடந்து வந்து பதிவேட்டைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள்.

"தம்பி எழுதியிருக்காரே, அதான் எடுத்தேன்" என்றார் அண்ணன்.

நல்லவேளை, வாளியில் நாலு விரல் அளவுக்குப் பழைய கடல்தண்ணீர் கிடந்தது. துண்டுகளை ஒவ்வொன்றாகக் குளிர்ந்த தொட்டிக்கு மாற்றினாள். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது.

5

நிறம் திரும்புமா என்று தெரிய ஆறு வாரமாகுமாம். ஆறு வாரம் சும்மா காத்திருப்பதை எந்தக் கதையில் வைப்பது? பொறுக்காமல் மூன்றாவது முடிவை எழுதி இன்று ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். "துண்டின் ஓரத்தில் மெல்லிய பழுப்பு..."

அக்கா படித்தாள். பதினோரு நாளில் முதல் பேச்சு:

"தொட்டியைப் பார்த்தியா?"

"இன்னும் இல்லக்கா."

"அதுங்களுக்கு நீ ஏற்கெனவே ஒரு தடவை முடிவு எழுதிட்ட. போதும்டா."

பதிவேட்டையும் பென்சிலையும் நீட்டினாள். தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். பழுப்பு இல்லை. ஆனால் செத்ததற்கான அடையாளமும் இல்லை: சதை அழுகவில்லை, சுண்ணாம்பு எலும்பில் வேறு பாசி படியவில்லை. ஐந்தும் வெள்ளை. ஐந்து கட்டத்திலும் எழுதினேன்: வெளுத்தது. அந்த உப்புச்சப்பில்லாத சொல்லை எழுத எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாளைய கட்டங்கள் காலியாக இருக்கின்றன. வேண்டுமானால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள், போய்ப் பார்த்துவிட்டு.