மர்யம் விட்ட புகை

1982ஆம் வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள், இனாயத்துல்லா இழுத்த சுருட்டின் புகை அவர் வாயிலிருந்து வராமல், அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி மர்யமின் வாயிலிருந்து வந்தது. பம்பாய்த் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த இனாயத்துல்லா அன்றாடம் ஆறு சுருட்டு பிடிப்பவர். சிகரெட்காரர்களுக்குத்தான் நெஞ்சு கெடும் என்பது அவர் கட்சி. "நா எங்க உள்ள இழுக்கேன்? வாயில வச்சு வெளிய விட்டுருதேன்" என்பார். சொன்னபடி வெளியேதான் போயிற்று, மனைவியின் நெஞ்சு வழியாக.

முதல் வாரம் சந்துக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பிறகு மில் ஸ்டிரைக்கைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். வீட்டுக்குள் பிடிப்பதால்தான் இப்படி என்று இனாயத்துல்லா மாஹிம் கடற்கரைக்குப் போய்ப் பிடித்தார். மர்யம் வீட்டிலிருந்தபடியே புகைவிட்டாள். சண்டை போடவில்லை. ரேஷன் வரிசையில் புகை வந்தால் முக்காட்டால் மூடிக்கொண்டாள். இரண்டு வருஷத்தில், குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். கல்யாணமாகி ஒன்பதாம் வருஷம் அவள் கருவுற்றபோது அவர் ஆறு சுருட்டை மூன்றாகக் குறைத்தார். அதையே பெரிய விஷயமாக நினைத்தார். பெண் குழந்தை பிறந்தது. எடை இரண்டு கிலோகூட இல்லை.

நாற்பது நாள் கழிந்து ஒரு முற்பகல், பைகளைக் கொடுக்க விக்ரோலிக்குப் போயிருந்த இனாயத்துல்லா, புது ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் சுருட்டொன்றைக் கடைசிவரை பிடித்தார். அவர் வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம். மர்யமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே உதடு நீலம் பாரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாளாம். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய்தான் பார்த்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, தினம் எத்தனை பிடிக்கிறாய் என்று இந்தியில் கேட்டார். "மை நஹி, மேரா ஆத்மி பீதா" என்றாள் மர்யம், நானில்லை, இவர்தான் பிடிக்கிறார் என்று தன் வீட்டுக்காரரைக் காட்டி. டாக்டரம்மா அவரை வாய் திறக்கச் சொன்னார். இடது கன்னத்தின் உட்புறம் நாலணா அளவில் வெள்ளைத் திட்டு இருந்தது. புகையை விழுங்காவிட்டாலும் சுருட்டு வாயில்தானே இருக்கிறது, இதை விட்டுவைத்தால் புற்றாகும் என்றார். இனாயத்துல்லாவுக்கு அது காதில் ஏறவில்லை. அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புகைய வெளிய விட்டா என்னளா?"

"புள்ள மூஞ்சிக்கு நேர எப்படி விடுவேன்? முழுங்கிட்டேன்."

அன்றோடு அவர் சுருட்டை விட்டார். மூன்று மாதம் கை நடுங்கி, தையல் கோணி, வேலைக்காரர்கள்மேல் எரிந்து விழுந்தார். ஒரே ஒரு தடவை மாஹிமில் பாதிச் சுருட்டு பிடித்துவிட்டு வந்தார். "கடக்கரையிலயா பிடிச்சிய? உப்புக் கரிச்சிச்சு" என்றாள் மர்யம். அதன் பிறகு இல்லை. கன்னத்துத் திட்டை வெட்டியெடுத்தார்கள். கெட்டது எதுவும் அதில் இல்லையாம்.

ஆனாலும் பிடித்து முடித்த சுருட்டுகளின் புகை மிச்சமிருந்தது. 1989 வரைக்கும் அது தினமும் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அந்த நேரத்தில் மர்யம் வாசற்படியில் உட்கார்ந்து தெருப்பக்கம் திரும்பி ஊதுவாள். இனாயத்துல்லா அவள் முதுகைத் தடவிக் கொடுப்பார். எதிர்வீட்டுக்காரர்கள் கொடியில் காயும் துணிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அவள் ஊதி முடித்ததும் திரும்பக் காயப்போடுவார்கள்.