காற்றுப் பலகை

எழுபத்தாறாம் வருஷம் ஆனி மாதம். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக்கு, தன் மகனுக்கு என் மகளைப் பெண் பார்க்க வந்த கோபாலபுரம் சென்னிமலை, சோற்றில் கை நனைக்காமல் எழுந்து போய்விட்டார். என் தம்பி அர்த்தநாரிக்குப் புத்தி பிசகிவிட்டது, ஆள் ஓட்டாமல் தானே ஓடும் படகு கட்டுகிறான் என்று சந்தையில் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். பைத்தியம் உள்ள வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சுக்கானை யாரும் தொடாமல் படகு நேராக எதிர்க்கரை சேரும் என்று வாக்குக் கொடுத்து, அவரை மலைமேல் இருக்கும் மாட்டுப்பட்டி அணைக்கு அழைத்துப் போனேன். முன்பு கொச்சியில் கடற்படையில் இருந்த தம்பி, இப்போது மாட்டுப்பட்டிப் பால்பண்ணையில்தான் வேலை பார்த்தான்.

பாய் கட்டிய படகின் பின்புறம் மெல்லிய பலகை ஒன்று நின்றது. காற்றுக்கு விளிம்பைக் காட்டும்வரை அது அசையாது. படகு விலகினால் காற்று பலகையின் முகத்தில் அடித்து அதைச் சாய்க்கும். அதில் கட்டிய கயிறு சுக்கானை இழுத்துப் படகைத் திருப்பும்.

தம்பி என்னைத் தனியே கூப்பிட்டான். "ணா, இதுக்குக் கரை தெரியாதுங்ணா. காத்து திரும்புனா இதுவுந் திரும்பும்."

"ஆனிக் காத்து எனக்குத் தெரியாதா? மேக்கிருந்து ஒரே சீரா அடிக்கும். நீ கையக் கட்டிட்டு உக்காரு."

எங்கள் ஊரில் அப்படித்தான் அடிக்கும்.

பாதித் தூரம் படகு கோடு போட்டதுபோல் போனது. சென்னிமலை சுக்கானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மலை மடிப்பைத் தாண்டியதும் காற்று வளைந்தது. பாய் புடைத்தபடியே இருக்க, படகும் அதனுடன் வளைந்து அணைச்சுவரைப் பார்த்துத் திரும்பியது.

"ஏனுங்க மச்சான், எதிர்க்கரை அந்தப் பக்கமுங்களே?" என்றார் சென்னிமலை.

"போகும், இருங்க."

தம்பி என் முகத்தையே பார்த்தான். அவன் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. நான் தலையசைக்கவில்லை. சுவரின் பாசி தெரிந்தது. கல் இடுக்கில் முளைத்த புல்லும் தெரிந்தது. சென்னிமலை செருப்பைக் கழற்றினார். கொடுத்த வாக்கை விட்டேன்.

"புடிடா" என்றேன்.

அவன் கயிற்றை உருவிச் சுக்கானைத் தள்ளினான். கல்லை உரசிக்கொண்டு படகு திரும்பியது.

தம்பியே ஓட்டிக் கரை சேர்த்தான். இறங்கியதும் சென்னிமலை, தண்ணீர் தெறித்து நனைந்த வேட்டியைப் பிழிந்தார்.

"காத்து திரும்பும்னு உங்க தம்பி சொன்னது எங்காதுலயும் உழுந்துச்சுங்க. பைத்தியம் அவருக்கில்லீங்க. நல்ல நாள் பாருங்க."

அப்படியானால் பைத்தியம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.