சிட்டம்மாள் நிற்கிறாள்

என் பெண்டாட்டி சிட்டம்மாள் ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்கிறாள். ஜெயிக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், எங்கள் காலனி நாய்க்கும் தெரியும்.

இந்த முறை பதவி எங்கள் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கீடு. ஒதுக்கீடு வந்தால் என்ன, ஊர்ப் பெரியவர்கள் தங்கள் கழனியில் வேலை செய்யும் ஒருத்தியை நிறுத்துவார்கள். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவள் கையெழுத்துப் போடுவாள், தலைவர் வேலையை அவர்கள் பார்ப்பார்கள். எங்க ஊர்ல போட்டியே கிடையாது என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பெருமை வேறு.

சிட்டம்மாள் கேட்டதெல்லாம் சுடுகாட்டுக்கு ஒரு பாதை. அவள் அம்மா செத்தபோது நட்ட கழனியில் முழங்கால் சேற்றோடு பாடையைத் தூக்கிக்கொண்டு போனோம். வழியில் ஒருமுறை சாய்ந்தும் விட்டது. அதற்கப்புறம் தலைவர்களுக்கு மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், இந்தத் தடவை வேட்புமனுவே கொடுத்துவிட்டாள்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள். காலையிலேயே ஊர்ப் பெரியவர்களில் ஒருவரான தாண்டவராயன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் ஓட்டுவது அவர் டிராக்டர்தான், எங்கள் வீட்டு அடுப்பு எரிவதும் அதனால்தான். உண்மையைச் சொல்ல என்ன வெட்கம், எனக்குப் பயம்தான். அவர் காலனிக்குள் வந்ததே அதுதான் முதல் தடவை. தெருவே எங்கள் வாசலில் கூடிவிட்டது.

சிட்டம்மாள் பதறவில்லை. நாற்காலியைத் துடைத்து உள்ளே போட்டாள். அவர் பக்குவமாகப் பேசினார். சாயங்காலத்துக்குள் வாபஸ் வாங்கினால் பாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், வீணாகத் தோற்று அவமானப்படுவானேன் என்றார். நடுவில் டிராக்டருக்கு வேறு ஆள் வரத் தயாராக இருப்பதாகவும் சொன்னார், என்னைப் பார்த்துக்கொண்டே.

“மொதல்ல டீ குடிங்கணா. அப்பால பேசிக்கலாம்.”

நேற்றுவரை அவர் எங்களுக்கு ஐயா. இன்றைக்கு அண்ணா. அவள் எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். எங்கள் வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூட அவர் சாதிக்காரர்கள் வாயில் பட்டதில்லை. அவர் டம்ளரைப் பார்த்தார், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். காரியம் ஆகணும்னா கழுதைக் காலையும் பிடி என்பார்கள். அவர் டம்ளரைப் பிடித்தார். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

“டீ நல்லாத்தான் கீது. வாபஸ் வாங்கிடுறியா?”

“மாட்டேன்ணா. வூட்டுக்கு வந்தவங்களுக்கு டீ குடுத்தேன், அவ்ளோதான். நாளைக்கு ஓட்டு கேட்டுக்கினு உங்க வூட்டுக்கு வருவேன். என்னையும் இப்டி உள்ள ஒக்கார வெச்சு, நீங்க குடிக்கிற டம்ளர்லயே ஒரு டீ குடுங்க.”

நான் நிமிர்ந்து நின்றேன். பயம் போய்ப் பெருமை வந்துவிட்டது.

தாண்டவராயன் எழுந்தார். நான் இடுப்பிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று காத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. வேட்பாளருடைய புருஷன் நான், எனக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?