எடை குறைந்த குண்டு

கனகரத்தினத்தின் உடலைக் குளிப்பாட்ட முற்றத்துக்குத் தூக்கிப் போனார்கள். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி ஞானாம்பிகை மேசையடியில் இருந்த பிஸ்கோத்து டின்னைத் திறந்தாள். டின் நிறைய ஈயக் குண்டுகள். நேற்று வரை அவை நல்லது ஒன்றிலும் கழித்தது மற்றதிலுமாக இரண்டு டின்களில் இருந்தன.

“மச்சாள், இதை ஆர் ஒண்டாக் கொட்டினது?”

கணவனின் தமக்கை பராசக்தி விடியவே யான் என்ற ஊரிலிருந்து வந்திறங்கியவள்.

“நான்தான். விளக்கு வைக்க மேசையை ஒதுக்கினனான். ரெண்டும் ஈயம்தானே?”

ஈயம்தானாம்! கனகரத்தினம் தோட்டத்து அலுவலகத்தில் பெரிய கிராணி, தலைமை எழுத்தர். துரையின் பந்தயத் துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கும் வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது. முதல் வருடம் குண்டுகள் இலக்கைத் தவிர எல்லா இடத்துக்கும் போயின. ‘கிராணி குண்டு வேலியைத்தான் சுடும்’ என்று கிளப்பில் சிரித்தார்கள். அந்தப் பேச்சு அவனை உறங்கவிடவில்லை. ஈயத்தில் கொஞ்சம் வெள்ளீயம் கலந்தான். அச்சை நன்றாகச் சூடாக்கினான். சுருக்கம் விழுந்தவற்றை மறுபடி உருக்கினான். அப்படியும் சில விலகின. அவற்றுக்குள் காற்றுக்குமிழி இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, எடைதான் காட்டிக்கொடுக்கும். மருந்துத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பிரித்தவள் ஞானாம்பிகை. போன வருடம் துரை கோப்பை வாங்கினார், சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

நாளை சுங்கை பட்டாணி ஊரில் இந்த வருடத்துப் பந்தயம். துரை வீட்டு ஆள் இருளப்பன் வாசலில் தலையைச் சொறிந்தபடி நின்றான்.

“தொரை இன்னைக்கே தோட்டாவுல அடைக்கணுமாம்மா. நாப்பது போதுமாம். இந்த நேரத்துல கேக்க எனக்கே வாய் வரல.”

“பொறு, இருளப்பா.”

தராசுப் பெட்டியில் தனியே இருந்த மாதிரிக் குண்டை ஒரு தட்டில் வைத்தாள். மறு தட்டில் டின்னிலிருந்து ஒன்று.

“உனக்கு விசரே?” என்று பராசக்தி சீறினாள். “ அங்கை புருஷனைக் குளிப்பாட்டுறாங்கள், இங்கை நீ கடை விரிக்கிறாய். சனம் என்ன சொல்லும்?”

“நாளைக்கு என்ன சொல்லும், மச்சாள்? அவர் வார்த்த கடைசிக் குண்டும் வேலிக்குப் போச்செண்டு சிரிப்பாங்கள். அதைக் கேட்டுக்கொண்டு நான் இருக்கமாட்டன்.”

பராசக்தி எழுந்து போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

எடை சரியானவற்றை எண்ணிக்கொண்டே ஒதுக்கினாள். பாவி மனுஷன்! ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கெஞ்சியபோது, ‘இந்த வார்ப்பு முடியட்டும்’ என்று காய்ச்சலோடு அடுப்படியில் நின்றான். அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது. பதினெட்டு. பத்தொன்பது. தட்டு மேலே எழும்பியது. அந்தக் குண்டைத் தரையில் போட்டாள். முற்றத்தில் பறை தொடங்கியது. உடலைக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தும் சத்தம் கேட்டது.

“ராகுகாலத்துக்கு முன்னம் எடுக்கவேணும், பெண்சாதியைக் கூப்பிடுங்கோ!” என்று யாரோ கத்தினார்கள்.

“வாறாள், வாறாள்!” என்று பராசக்தி உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். இவள் பக்கம் திரும்பி, “இன்னும் எத்தனையடி?” என்றாள்.

“ஆறு.”

நாற்பதையும் துணியில் முடிந்து கொடுத்தபோது இருளப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வாய்க்கரிசி போட அவளைத்தான் கடைசியாக அழைத்தார்கள். கை கழுவ நேரமில்லை. அரிசியை அள்ளி அவன் உதட்டருகே இட்டாள். மூன்று முறை. வெள்ளை அரிசியிலும் அவன் மோவாயிலும் ஈயத்தின் கருப்பு ஒட்டியிருந்தது. பக்கத்திலிருந்த ஒருத்தி துடைப்பதற்குத் துணியை எடுத்துக் குனிந்தாள்.

பராசக்தி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விடு பிள்ளை. அது கிடக்கட்டும்.”